பச்சை மாறாத பீன்ஸ்

மதிய இடைவேளையில் உணவுப் பாத்திரங்கள் திறக்கப்படும்போது, ஓரமாக ஒதுக்கி வைக்கப்படும் பண்டம் எது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது பீன்ஸ் பொரியலாகவே இருக்கும். "கொழகொழவென்று இருக்கிறது", "சவசவ என்று இருக்கிறது", "நிறத்தைப் பார்த்தாலே பிடிக்கவில்லை" என்று தோழியர் பல காரணங்கள் சொல்வார்கள். இக்காரணங்கள் யாவும் உண்மையே. ஆனால் குற்றம் காயினுடையதன்று. பானை நிறையத் தண்ணீர் வைத்து, காயை அதில் போட்டு, நெடுநேரம் கொதிக்கவிட்டு, பின் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கமே இதற்குக் காரணம். காசு கொடுத்து வாங்கிய சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. மிஞ்சிய சக்கையைத்தான் நாம் ஒதுக்குகிறோம். இதற்கு மாற்று நம் எல்லார் வீட்டிலும் உள்ள இட்லிக் கொப்பரையில் இருக்கிறது.

அவரை, கொத்தவரை, காராமணி ஆகியவற்றுக்கெல்லாம் நம் மொழியில் பெயர் உண்டு. பீன்ஸுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது. அது நம் நாட்டுக் காயன்று என்பதற்கு அப்பெயரே சாட்சி. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோப் பகுதியிலும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் தனித்தனியே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் இதைப் பயிராக்கினர். 1492-இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரே அது ஐரோப்பாவுக்கு வந்தது. குளிர்ச்சியான மலைகள் அதற்கு ஏற்றவை. ஆகையால் நம் மாநிலத்தில் நீலகிரியும் கொடைக்கானல் மலையும் பீன்ஸுக்குப் பெயர் பெற்றவை. கோட்டும் காரட்டும் போல இதையும் "இங்கிலீஷ் காய்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. வட இந்தியர் விரும்பி உண்ணும் ராஜ்மா வேறு செடியன்று. இதே இனத்தின் முற்றிய விதைதான். நாம் பிஞ்சாகப் பறித்துக் காயாக உண்கிறோம், அவர்கள் முற்றவிட்டு விதையாக உண்கிறார்கள்.

காயின் இரு ஓரங்களிலும் ஓடும் நாரைப் பற்றியும் ஒரு சொல். அந்நாளைய பீன்ஸ் யாவும் நாருள்ளவையே. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கால்வின் கீனி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாரில்லாத வகைகளைப் பொறுக்கியெடுத்துப் பயிராக்கினார். அதன்பின் நாரில்லா வகைகள் பரவின. எனினும் நம் சந்தைக்கு வருபவற்றில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு காயை ஒடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். "டக்"கென்று ஒடிந்து இரண்டு துண்டாகப் பிரிந்தால் அது பிஞ்சு, நாரும் இல்லை. ஒடியாமல் வளைந்து நாரில் தொங்கினால், முனையைக் கிள்ளி இரு பக்கமும் நாரை உரித்தே ஆகவேண்டும். விதை புடைத்துத் தெரியும் காயை இந்தச் சமையலுக்கு வாங்காதீர்கள். அது குழம்புக்கு ஆகும்.

சிலர் பிஞ்சு பீன்ஸைப் பச்சையாகவே மென்று தின்பதுண்டு. அது நல்லதன்று. பீன்ஸில் லெக்டின் என்னும் ஒருவகைப் புரதம் இருக்கிறது. பச்சையாக உண்டால் வயிற்றுக் கோளாறு உண்டாக்கும். முற்றிய ராஜ்மா விதையில் இது மிகுதி, காயில் குறைவு. நல்ல கொதிநிலை வெப்பத்தில் வெந்தால் இது செயலிழந்துவிடும். ஆகவே பீன்ஸை வேக வைக்காமல் உண்ணக் கூடாது, வேண்டாத அளவுக்கு வேக வைக்கவும் கூடாது.

இனி ஆவியின் வேலையைப் பார்ப்போம். அறிவியல் வகுப்பில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருக்கிறோம். 1 கிராம் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். ஆனால் 100 டிகிரியில் உள்ள அதே 1 கிராம் தண்ணீரை ஆவியாக்க மேலும் சுமார் 540 கலோரி வேண்டும். இந்த வெப்பம் எங்கும் போய்விடுவதில்லை. ஆவி குளிர்ந்த காயின் மேல் பட்டு மீண்டும் நீர்த்துளியாகும்போது அத்தனையையும் காய்க்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே, காய் தண்ணீரில் மூழ்காமலேயே விரைவில் வெந்துவிடுகிறது. (இதே காரணத்தால்தான் கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கொடியதாகிறது. கொப்பரை மூடியை எப்போதும் நமக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்கவேண்டும். ஆவி அந்தப் பக்கமாகப் போய்விடும். குனிந்து பார்த்துக்கொண்டே திறப்பது ஆபத்து.)

காய் தண்ணீரில் மூழ்காததால் வரும் பயன் என்ன? வைட்டமின் சி-யும் ஃபோலிக் அமிலம் முதலிய பி வகை வைட்டமின்களும் நீரில் கரையக்கூடியவை. நிறைய நீரில் கொதிக்கும் காயிலிருந்து இவை வெளியேறி நீரில் கலந்துவிடுகின்றன. ஆவியில் அவ்வளவு நீர் இல்லாததால் இந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. அதற்காக ஆவியில் எதுவுமே அழியாது என்று சொல்லிவிட முடியாது. வைட்டமின் சி வெப்பத்தாலும் ஓரளவு கெடும். எனவே நேரமும் குறைவாக இருக்கவேண்டும்.

நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் போதும். முதலில் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவினால் வெட்டுவாய் வழியே சத்து ஒழுகும். இதே காரணத்தால் பொடிப்பொடியாகவும் நறுக்கவேண்டாம். ஓர் அங்குலத் துண்டுகள் போதும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒரே நேரத்தில் வேகும். கொப்பரையில் இரண்டு விரற்கடை உயரத்திற்குத் தண்ணீர் விட்டு, அது தளதளவென்று கொதித்தபின்தான் தட்டை வைக்கவேண்டும். தட்டு நீரில் படக்கூடாது. இட்லிக் குழித் தட்டின் மேல் மெல்லிய துணி விரித்து, அல்லது துளையுள்ள தட்டு ஒன்றில், காயை நெருக்காமல் பரப்புங்கள். குவித்து வைத்தால் மேலே வெந்து நடுவே வேகாது. 6 முதல் 8 நிமிடத்தில் பதமாகிவிடும். கத்தி முனை எளிதாக இறங்கவேண்டும், ஆனால் கடித்தால் சிறிது நறுக்கென்று இருக்கவேண்டும். அதுவே பதம். உப்பை இப்போது போடவேண்டாம். ஆவியில் அது காயோடு சீராகக் கலக்காது. தாளிக்கும்போது தூவினால் போதும்.

உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஆவியின் வெப்பமும் அவ்வளவே. ஆகவே பீன்ஸ் விளையும் ஊரிலேயே அது வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்! மலை ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் விடுமுறையில் வீட்டில் செய்யும்போது இரண்டு மூன்று நிமிடம் சேர்த்துக்கொள்ளவேண்டும். இதற்குப் பிரஷர் குக்கரை நாடுவோர் உண்டு. அதனுள் வெப்பம் சுமார் 120 டிகிரிவரை ஏறும். பருப்புக்கும் ராஜ்மாவுக்கும் அது நல்ல துணை. பிஞ்சு பீன்ஸை அதில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் திரும்பினால் கூழ்தான் மிஞ்சும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். ஆவி பட்ட முதல் நிமிடத்தில் காய் முன்னைவிடப் பளிச்சென்று பசுமையாவதைக் காணலாம். திசுக்களுக்கிடையே இருந்த காற்று வெளியேறுவதால் இந்த மாற்றம். ஆனால் நேரம் செல்லச் செல்ல, செல்கள் உடைந்து அவற்றுள் இருந்த இயற்கை அமிலங்கள் பச்சையத்தைத் தாக்குகின்றன. பச்சையத்தின் நடுவே மக்னீசியம் என்னும் உலோக அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. அமிலம் அதை வெளியேற்றி ஹைட்ரஜனை அங்கே வைத்துவிடுகிறது. அவ்வளவுதான், பச்சை போய் இராணுவ உடை நிறம் வந்துவிடும். அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு வெளியேறக்கூடியது. ஆகையால் முதல் இரண்டு நிமிடம் மூடியைச் சற்றே திறந்து வைத்துப் பிறகு மூடுவது நல்லது. வெந்தவுடன் இறக்கி அகலத் தட்டில் பரப்பிவிடவேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு மூடியபடியே வைத்தால் உள்ளிருக்கும் சூட்டில் அது மேலும் வெந்துகொண்டே இருக்கும்.

நிறத்துக்காக ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நிறம் நிற்பது உண்மைதான், ஏனெனில் சோடா அமிலத்தை முறித்துவிடுகிறது. ஆனால் அதுவே காயின் செல்சுவர்களைக் கரைத்துக் குழைத்துவிடும். வைட்டமின் சி-யையும் தயாமினையும் அழித்துவிடும். கண்ணுக்கு விருந்து வைத்து உடம்பைப் பட்டினி போடும் வேலை இது. இதைவிடக் கொடியதொன்று முன்னாளில் இங்கிலாந்தில் இருந்தது. ஊறுகாய்க் காய்கள் பச்சையாகத் தோன்றவேண்டுமென்று செம்புப் பாத்திரத்திலோ செம்புக் காசு போட்டோ கொதிக்க வைத்தார்கள். மக்னீசியம் விட்டுச்சென்ற இடத்தில் செம்பு புகுந்து அழியாப் பச்சையைக் கொடுக்கும். அது நஞ்சு என்று பிரடெரிக் ஆக்கம் என்னும் வேதியியலார் 1820-இல் வெளியிட்ட உணவுக் கலப்படம் பற்றிய நூலில் எச்சரித்தார். நம் பாட்டிமார் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசாமல் புளி, காய் எதையும் சமைக்கமாட்டார்கள். அந்த நூலை அவர்கள் படித்ததில்லை!

வெந்த காய்க்குத் தாளிப்பு எளியது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை. காயைப் போட்டு உப்புத் தூவி ஒரு புரட்டுப் புரட்டி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலோடு இறக்கிவிடலாம். எலுமிச்சைச் சாறு வேண்டுமென்றால் வாணலியில் பிழியாதீர்கள். அதுவும் அமிலம்தானே, சற்று நேரத்தில் நிறத்தைக் கெடுத்துவிடும். இலையில் பரிமாறியபின் பிழிந்துகொள்ளவேண்டும்.

எலுமிச்சை வெறும் சுவைக்காக மட்டும் அன்று. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதாவது நம் வயதினரில் பாதிக்கு மேல். கீரை, கேழ்வரகு, பருப்பு, காய் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் நன்கு ஏற்கும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது குறையும். பீன்ஸ் வைட்டமின் சி-யின் களஞ்சியம் என்று நான் சொல்லவரவில்லை. 100 கிராம் பச்சைக் காயில் சுமார் 12 மில்லிகிராம்தான் உண்டு. கொய்யாவில் 200-க்கும் மேல் இருக்கிறது. ஆயினும் தினமும் இலையில் விழுவது காய்தான், கொய்யா அன்று. இருக்கும் 12-லும் ஒரு பகுதியைச் சாக்கடைக்கு அனுப்புவது எந்தக் கணக்கில் சேரும்?

அதே ஆய்வு 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோதும் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. நம் அம்மாக்களும் அக்காக்களும் அதில் அடக்கம். பல வீடுகளில் அம்மா உண்பது எல்லாரும் உண்டபின் பிற்பகலில். காலை ஏழு மணிக்குச் செய்த பொரியல் அதற்குள் மூடிய பாத்திரத்தில் பழுப்பேறிப் போயிருக்கும். வைட்டமினும் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆகவே விடுமுறை நாளில் கொப்பரை உங்கள் பொறுப்பில் இருந்தால், கழுவிய பீன்ஸில் ஒரு பிடியை நறுக்காமல் தனியே எடுத்து வையுங்கள். அம்மா இலை போட்டு உட்காரப் போகிறார் என்று தெரிந்ததும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும். அந்த ஒரு பிடி வேக 8 நிமிடம்தான் ஆகும்.