சரிவில் இயங்கும் பொறி: பழைய பாப்கேட்டை ஓட்டலும் பேணலும்

மண் அள்ளவும் கல் சுமக்கவும் மனிதத் தோள்கள் பட்ட பாட்டைப் பொறிகள் ஏற்றுக்கொண்ட காலம் இது. அப்பொறிகளுள் உருவிற் சிறியதும், ஒடுங்கிய இடத்தில் நின்ற நிலையிலேயே சுழன்று திரும்ப வல்லதும் 'ஸ்கிட் ஸ்டீர் லோடர்' ஆகும். மண் தோண்டும் பெரிய பொறியை நிறுவனப் பெயரால் 'ஜேசிபி' என்று வழங்குவதுபோல, இச்சிறு பொறியை நம் தொழிலாளர் 'பாப்கேட்' என்றே வழங்குகின்றனர். வழக்காறு பற்றி நாமும் அப்பெயரையே ஆள்வோம்.

தமிழ்த்துறை மலரில் பொறியைப் பற்றிய கட்டுரை எதற்கு என்னும் வினா எழலாம். நம் பழைய மாணவர் ஒருவரின் தமையனார், மலைச்சரிவில் நிலம் திருத்தும் பணிக்கெனப் பிறர் ஓட்டிய பாப்கேட் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். உடன் வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதனைத் தமிழில் எடுத்துரைக்குமாறு மாணவர் நம்மை நாடினார். இரண்டு மாலைப் பொழுதுகள் அதனைப் படித்தோம். மூன்றாம் நாள் பொறியின் அருகே நின்று கையேட்டையும் பொறியையும் ஒப்பிட்டோம். இருக்கையின் முன்னுள்ள தடுப்புக் கம்பியை உயர்த்தினால் பூம் அசையாது என்றது கையேடு. கம்பியை உயர்த்திய பின்னரும் பூம் அசைந்தது. சிறியதொரு ஒயர்த் துண்டால் முன்னைய உடைமையாளர் அப்பாதுகாப்பை முடக்கி வைத்திருந்தார். பல நாள்களாக அதிலே அமர்ந்து உழைத்த அத்தமையனாரின் முகம் வெளிறியது. அம்முகமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பொறியின் பிறப்பு

இப்பொறி மலைக்கெனப் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டு மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்னும் சிற்றூரில் பட்டறை நடத்திய சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்னும் உடன்பிறந்தார், வான்கோழிப் பண்ணையாளர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க 1957ஆம் ஆண்டில் மூன்று சக்கரங்களையுடைய சிறிய ஏற்றுபொறி ஒன்றைச் செய்தளித்தனர். கொட்டகைத் தூண்களுக்கிடையே புகுந்து எருவை வாரி வெளியேற்ற வேண்டும் என்பதே அப்பண்ணையாளரின் தேவை. 1958இல் வடக்கு டக்கோட்டாவின் மெல்ரோ நிறுவனம் இப்பொறியை ஏற்றுச் செய்யத் தொடங்கிற்று. நான்கு சக்கரங்களும் உந்தும் 'எம் 400' என்னும் மாதிரி 1960இல் வந்தது. 'பாப்கேட்' என்னும் பெயர் 1962இல் வழக்கிற்கு வந்தது.

இவ்வரலாற்றில் நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. சமதளமான கொட்டகைத் தரையில், குறுகிய இடத்தில் சுழல்வதற்கென்றே இதன் உடல் குட்டையாகவும் சக்கரங்கள் நெருக்கமாகவும் அமைந்தன. கொட்டகையில் நலமாக இருந்த அக்குட்டை உடலே சரிவில் இடராக மாறுகிறது.

எடை எங்கே இருக்கிறது?

சரிவில் ஓட்டுவோர் ஒவ்வொரு கணமும் தமக்குள் கேட்க வேண்டிய வினா ஒன்றே: எடை எந்தப் பக்கம் இருக்கிறது? பாப்கேட்டின் இன்ஜின் பின்புறம் உள்ளது. ஆதலின் பக்கெட் வெறுமையாக இருக்கும்போது எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் நிற்கும். பக்கெட்டில் மண் நிறைந்ததும் எடை முன்சக்கரங்களுக்கு மாறிவிடும். இரு நிலைக்கும் பொதுவான விதி, எடை மிகுந்த பக்கம் மேட்டை நோக்கியிருத்தல் வேண்டும் என்பதாகும்.

இவ்விதியிலிருந்து நான்கு முறைகள் பிறக்கின்றன. வெறும் பக்கெட்டுடன் மேடேறும்போது பின்னோக்கி ஏற வேண்டும். இறங்கும்போது முன்னோக்கி இறங்க வேண்டும். பாரத்துடன் மேடேறும்போது முன்னோக்கி ஏற வேண்டும். இறங்கும்போது பின்னோக்கி இறங்க வேண்டும். பழகாதவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். வெறும் பொறியை முன்னோக்கிச் செங்குத்தாக ஏற்றினால், முன்சக்கரங்கள் மேலெழும்பிப் பொறி பின்புறமாகக் கவிழக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பின் ஐயம் நீங்கும்.

பொறியின் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும் சுமையளவைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. சக்கரமுடைய பொறிகளில் அவ்வளவு, பொறியை முன்புறமாகச் சாய்க்கும் சுமையில் 50 விழுக்காடு என்று வகுக்கப்படுகிறது. அச்சாய்க்கும் சுமையோ சமமான, உறுதியான தரையில் அளக்கப்படுவது. எனவே தகட்டு எண் சரிவுக்குரிய வாக்குறுதி அன்று. 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். பொறியின் வலியை அறிவதிலும் அது நிற்கும் நிலத்தின் வலியையும் சேர்த்தே அறிய வேண்டும்.

குறுக்கே செல்லாமை

சரிவில் நேராக ஏறலாம், நேராக இறங்கலாம், குறுக்கே செல்லலாகாது. காரணத்தை ஒரு கணக்கால் விளக்குவோம். இடவலச் சக்கரங்களின் நடுவிடைவெளி 100 செ.மீ. என்று கொள்வோம். பூம் தாழ்ந்திருக்கையில் பொறியின் எடைமையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும், பாரத்துடன் பூம் உயர்ந்திருக்கையில் 110 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டருக்கு 27 செ.மீ. உயரும் சரிவில், அதாவது 15 பாகைச் சரிவில், பொறி குறுக்கே நிற்கிறது. பூம் தாழ்ந்திருந்தால் எடைமையம் பள்ளத்துப் பக்கமாக 16 செ.மீ. நகரும், உயர்ந்திருந்தால் ஏறத்தாழ 30 செ.மீ. நகரும். 50 செ.மீ. கடந்தால் பொறி கவிழும். இரண்டு நிலையிலும் பொறி நிற்கிறது. ஓட்டுநரும் துணிவு கொள்கிறார்.

இந்நிலையில் பள்ளத்துப் பக்கச் சக்கரங்கள் 20 செ.மீ. ஆழமுள்ள மழைநீர்த் தாரையில் இறங்கினால் என்னாகும்? சாய்வு 26 பாகையைக் கடந்துவிடும். தாழ்ந்த பூம் உள்ள பொறியில் எடைமையம் 30 செ.மீ. நகர்ந்து நிற்கும். உயர்ந்த பூம் உள்ள பொறியிலோ அது 55 செ.மீ. நகரும், பொறி உருண்டுவிடும். சரிவு அதே, தாரை அதே, பூமின் உயரம் ஒன்றே வேறு. நாம் கொண்ட எண்கள் விளக்கத்திற்குரியவை. மாதிரிக்கு மாதிரி வேறுபடும். உண்மை வேறுபடாது. பக்கெட் தரையை ஒட்டித் தாழ்ந்திருத்தலே உயிர்க்காப்பு ஆகும்.

திரும்புதலும் அவ்வாறே. இப்பொறியின் சக்கரங்கள் இடமோ வலமோ ஒடிவதில்லை. ஒரு பக்கச் சக்கரங்கள் விரைந்தும் மறுபக்கச் சக்கரங்கள் மெதுவாகவும் சுழல, பொறி தரையைத் தேய்த்துச் சறுக்கித் திரும்புகிறது. சரிவின் நடுவே இவ்வாறு திரும்பினால் மேல்மண் பெயர்ந்து பிடிமானம் போகும். ஒரு கணமேனும் பொறி குறுக்கே நிற்கவும் நேரும். ஆகவே மேலேயோ கீழேயோ சமதளத்தை அடைந்த பின்னரே திரும்புதல் வேண்டும். மழை பெய்த மறுநாளும், புதிதாகக் கொட்டிய மண்ணின் விளிம்பிலும் பொறியை ஏற்றாதிருத்தல் நலம்.

பழைய பொறியின் மறைந்த குறைகள்

புதிய பொறியின் குணத்தைக் கையேடு சொல்லும். பழைய பொறியின் குணத்தை முன்னைய உடைமையாளரே அறிவார், அவர் சொல்லமாட்டார். எனவே நாமே ஆராய வேண்டும்.

முதற்கண் தடுப்பமைப்புகளைச் சோதிக்க வேண்டும். சமதளத்தில், பூம் தாழ்ந்த நிலையில், அருகில் ஒருவரும் இன்றி, இருக்கையில் அமர்ந்தவாறே கையேடு கூறும் முறைப்படி தடுப்புக் கம்பியை உயர்த்திப் பார்த்தல் வேண்டும். பூமோ சக்கரமோ பூட்டப்படவில்லையெனில் அப்பொறி வேலைக்கு உரியதன்று. அமெரிக்க நாட்டின் தேசியத் தொழிற் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை, பூமுக்கும் உடற்சட்டத்துக்கும் இடையே நசுங்குதல், பொறி கவிழ்தல் ஆகியவற்றைச் சாவின் காரணங்களாகச் சுட்டி, தடுப்பமைப்புகளை முடக்கலாகாது என்று வலியுறுத்தியது.

இரண்டாவது, ஓட்டுநரைச் சூழ்ந்துள்ள இரும்புக் கூண்டு. பொறி உருண்டாலும் உள்ளிருப்பவர் நசுங்காமல் காப்பது அது. கூண்டில் வெடிப்போ, துளையோ, பின்னாளில் வைத்த வெல்டிங்கோ இருப்பின் அதன் வலிமையை நம்பலாகாது. சீட் பெல்ட் இன்றிக் கூண்டால் பயனில்லை. பொறி சாயும்போது வெளியே தாவியவரின் மீதே கூண்டு வந்து விழக்கூடும். பெல்ட்டுடன் உள்ளே இறுகப் பற்றி அமர்ந்திருத்தலே பிழைக்கும் வழி.

மூன்றாவது, ஏறும் ஆற்றல். இருபக்கச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் ஆயிலின் அழுத்தமே இயக்குகிறது. பம்பும் மோட்டாரும் தேய்ந்திருந்தால், ஆயில் சூடேறி நீர்க்கும்போது உட்கசிவு மிகும். காலையில் நன்கு ஏறிய பொறி பிற்பகலில் திணறும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அப்பக்கமாக இழுக்கும். ஆதலின் பழைய பொறியை வாங்குவோர் குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், ஒரு மணி நேரமேனும் உழைக்கவிட்டுப் பின்னர்ச் சோதித்தல் வேண்டும்.

நான்காவது, பின்புற எதிர்எடை. சில பொறிகளில் பின்னே கூடுதல் இரும்பு எடைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை கழற்றப்பட்டிருந்தால் முன்பாரம் தாங்கும் திறன் குறையும்.

நாள்தோறும் பேணல்

இன்ஜின் ஆயிலையும் ஹைட்ராலிக் ஆயிலையும் சமதளத்தில் நிறுத்தியே அளக்க வேண்டும். அளவு குறைந்த ஆயில் சரிவில் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும், இன்ஜின் பழுதாகும். டயர்களின் காற்றும் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் செயினால் இணைந்து ஒரே வேகத்தில் சுழல்வதால், ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருப்பின் செயினுக்குக் கேடு. வீல் நட்டுகளை முறுக்கிப் பார்த்தலும், பூமின் பின்களுக்குக் கிரீஸ் இடலும் தவறலாகாது. இன்ஜின் அறையில் சேரும் சருகும் எண்ணெய்ப் பிசுக்கும் தீக்கு இரையாகும். அவற்றை அன்றாடம் அகற்ற வேண்டும்.

பூமை உயர்த்தி அதன்கீழ் வேலை பார்ப்பதாயின், பொறியுடன் வந்த பூம் தாங்கியைப் பொருத்தாமல் கையை நுழைக்கலாகாது. ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு இருக்குமிடத்தைக் கையால் தடவுதல் பெருந்தவறு. ஊசித்துளை வழியே பீச்சும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். வெளியே சிறு புள்ளியாகத் தோன்றினும் உடனே அறுவை மருத்துவரை நாட வேண்டிய காயம் அது. அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டியே கசிவைக் கண்டறிதல் வேண்டும்.

நிறைவாக

அன்றே அந்த ஒயர்த் துண்டு அகற்றப்பட்டது. பழுதான சுவிட்சு மாற்றப்படும் வரை இரண்டு நாள்கள் பொறி வேலையின்றி நின்றது. கடன் தவணையை எண்ணி வருந்திய தமையனார், பின்னர் நம்மிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். கையேடு முழுவதையும் அன்று, இருக்கையில் அமர்ந்தால் கண்ணிற் படுமாறு ஒட்டிவைக்கச் சில வரிகளை மட்டும் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். நாம் எழுதித் தந்தவை இவை:

பெல்ட் அணியாமல் இன்ஜினைத் தொடாதே.
கனமான பக்கம் மேட்டை நோக்கட்டும்.
பக்கெட் தரையை ஒட்டியே வரட்டும்.
சரிவில் குறுக்கே போகாதே, நடுவில் திரும்பாதே.
சறுக்கினால் பக்கெட்டைத் தரையில் இறக்கு, வெளியே தாவாதே.
இறங்குமுன் பூமைத் தாழ்த்து; பிரேக்கை இடு; இன்ஜினை நிறுத்து.

இவ்வாறு வரிகளில் இலக்கிய நயம் ஏதுமில்லை. ஆயினும் நாம் எழுதிய தமிழுள் நாள்தோறும் ஒருவரால் படிக்கப்படுவது இதுவே என்பதில் நமக்கு நிறைவு உண்டு. தம் ஊரில் பொறிகளோடு உழைப்போர்க்கு அவற்றின் கையேட்டைப் படித்துச் சொல்ல நம் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவாராக.