60 புள்ளி அடித்த வீரரை ஏன் விட்டார்கள்? ஸ்டார் ஸ்கோரரைத் தக்கவைப்பதில் இருக்கும் கணக்கு

2018 நவம்பர் 17. அமெரிக்காவின் சார்லட் நகரில் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம். சார்லட் ஹார்னெட்ஸ் அணியின் கெம்பா வாக்கர் அன்று ஒற்றை ஆளாக 60 புள்ளிகள் குவித்தார். ஆறடி உயரம்தான். எதிரணியான ஃபிலடெல்ஃபியாவில் அவரைவிட ஓர் அடி உயரமானவர்களும் இருந்தார்கள். ஆனாலும் யாராலும் அவரைத் தடுக்க முடியவில்லை.

முடிவு? ஓவர்டைம் வரை போய், 122-119 என்ற கணக்கில் சார்லட் தோற்றது.

அடுத்த கோடையில் வாக்கரின் ஒப்பந்தம் முடிந்து அவர் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆனார். அதாவது, எந்த அணியோடும் பேசலாம், பிடித்த அணியில் சேரலாம். சார்லட்டின் முன் ஒரே கேள்வி: ஊரே கொண்டாடும் இந்த ஆளுக்குக் கேட்டதைக் கொடுத்துத் தக்கவைப்பதா, விட்டுவிடுவதா?

ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஓர் அணி இந்தக் கேள்வியில் சிக்கும். 'இவரை விட்டா நமக்கு வேற யாரு இருக்கா?' என்று ரசிகர்களில் ஒரு பாதி கேட்கும். 'இவரை வச்சிக்கிட்டு இத்தனை வருஷம் என்ன ஜெயிச்சோம்?' என்று மறுபாதி கேட்கும். இரண்டு பேர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பணம் இருந்தால் கொடுக்க வேண்டியதுதானே?

அப்படிக் கொடுத்துவிட முடியாது. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் இத்தனை கோடிதான் என்று ஒரு வரம்பு இருப்பதுபோல, என்.பி.ஏ.விலும் 'சேலரி கேப்' என்ற சம்பள வரம்பு உண்டு. 2019-20 சீசனில் அது சுமார் 10.9 கோடி டாலர். 2025-26 சீசனில் சுமார் 15.5 கோடி டாலர்.

ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. இந்த வரம்பு இறுக்கமான பூட்டு இல்லை. தன்னிடம் மூன்று சீசன் ஆடிய சொந்த வீரரைத் தக்கவைக்க, வரம்பைத் தாண்டியும் ஓர் அணி பணம் கொடுக்கலாம். பாஸ்டன் ஜாம்பவான் லாரி பேர்டின் பெயரால் இதை 'பேர்ட் உரிமை' என்கிறார்கள். சொந்த அணி ஐந்து ஆண்டு ஒப்பந்தமும் ஆண்டுக்கு 8 சதவீத உயர்வும் தரலாம். வெளி அணி தரக்கூடியது நான்கு ஆண்டும் 5 சதவீதமும்தான்.

கேப்புக்கு மேலே இன்னொரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் 'லக்ஷரி டாக்ஸ்'. 2019-20-ல் அந்தக் கோடு 13.26 கோடி டாலர். அப்போது தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒன்றரை டாலர் அபராதமாகக் கட்ட வேண்டியிருந்தது. தாண்டத் தாண்ட விகிதமும் ஏறும்.

அப்படியானால் சார்லட்டின் கணக்கு என்ன?

2011-ல் வாக்கர் வந்தபோது அணியின் பெயர் பாப்கேட்ஸ். அவரது முதல் சீசனில் 66 ஆட்டங்களில் 7 வெற்றி. வெற்றி விகிதத்தில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே மோசமான சீசன் அது. அங்கிருந்து எட்டு ஆண்டுகள் அணியைத் தோளில் தூக்கியவர் வாக்கர். அணியின் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான்.

2018-19-ல் அவரது சராசரி ஆட்டத்துக்கு 25.6 புள்ளிகள். அந்த ஆண்டின் சிறந்த 15 வீரர்களுக்கான 'ஆல்-என்.பி.ஏ.' பட்டியலிலும் இடம்பிடித்தார். அங்கேதான் சிக்கலும் ஆரம்பித்தது. அந்தப் பட்டியலில் வந்ததால் 'சூப்பர்மேக்ஸ்' எனும் உச்சபட்ச ஒப்பந்தத்துக்கு அவர் தகுதி பெற்றார். கேப்பில் 35 சதவீதம் ஒருவருக்கே. ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் சுமார் 22.1 கோடி டாலர்.

இப்போது அணியின் மற்ற சம்பளங்களைப் பாருங்கள். நிக்கோலா படூம், பிஸ்மாக் பியோம்போ, மார்வின் வில்லியம்ஸ், கோடி ஸெல்லர், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் ஆகிய ஐந்து பேருக்கு மட்டும் 2019-20-ல் சுமார் 8.5 கோடி டாலர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்தாகிவிட்டது. ஐந்து பேரில் ஒருவர்கூட ஆல்-ஸ்டார் இல்லை.

அதோடு வாக்கரின் முதல் ஆண்டுச் சம்பளம் 3.8 கோடியைச் சேர்த்தால் 12.3 கோடி. லக்ஷரி டாக்ஸ் கோட்டுக்கு மிச்சம் ஒரு கோடிகூட இல்லை. அதற்குள் இன்னும் எட்டு, ஒன்பது பேரை வைத்து அணியை நிரப்ப வேண்டும். முந்தைய சீசனில் 39 வெற்றி, 43 தோல்வி என்று பிளே-ஆஃபைத் தவறவிட்ட அதே அணி, கூடுதல் செலவில் திரும்பவும் வரும். அதுவரை சார்லட் லக்ஷரி டாக்ஸ் கட்டியதே கிடையாது.

வாக்கருக்கு ஊரை விட்டுப் போக மனமில்லை. சூப்பர்மேக்ஸைவிடக் குறைவாக வாங்கவும் தயார் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அணி முன்வைத்த தொகை ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 16 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. சராசரியாக ஆண்டுக்கு 3.2 கோடி. பாஸ்டன் செல்டிக்ஸ் நான்கு ஆண்டுக்கு 14.1 கோடி, அதாவது ஆண்டுக்கு 3.5 கோடி தரத் தயாராக இருந்தது. வாக்கர் கிளம்பினார். பதிலுக்கு பாஸ்டனிலிருந்து டெர்ரி ரோஸியர், மூன்று ஆண்டுக்கு சுமார் 5.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தார்.

25 புள்ளி அடிப்பவர் என்றாலே மதிப்புதானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மோசமான அணியிலும் யாராவது ஒருவர் புள்ளி எடுத்துத்தான் ஆக வேண்டும். பந்து யாரிடம் அதிகம் போகிறதோ அவர் கணக்கில் புள்ளியும் ஏறும்.

அதனால் நிர்வாகங்கள் மொத்தப் புள்ளியோடு, எத்தனை முயற்சிக்கு அந்தப் புள்ளி என்பதையும் பார்க்கின்றன. 24 ஷாட் போட்டு 25 புள்ளி எடுப்பவரையும், 12 ஷாட்டில் 18 புள்ளி எடுப்பவரையும் ஒப்பிட்டால், ஸ்கோர் போர்டில் முதலாமவர் பெரிய ஆள். ஆனால் இரண்டாமவர் மிச்சம் வைத்த 12 ஷாட்டை அணியில் வேறு யாரோ போடுவார்கள். மூன்று புள்ளி ஷாட், ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் சேர்த்து இந்தத் திறனை அளக்கும் கணக்குக்கு 'ட்ரூ ஷூட்டிங்' என்று பெயர். அந்த அளவுகோலில் 2018-19-ல் வாக்கர் லீக் சராசரிக்கு ஏறக்குறைய சமம்தான்.

அதற்காக அவரைச் சாதாரண ஆள் என்று சொல்லிவிட முடியாது. எதிரணியின் முழு கவனமும் தன்மேல் இருக்கும்போது, பக்கத்தில் இன்னொரு ஸ்டார் இல்லாமல் சராசரித் திறனைக் காப்பதே பெரிய வேலை. ஆனால் 35 சதவீதச் சம்பளம் என்பது அணியின் முதல் நாற்காலி. அதில் உட்காருபவரை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைத்தான் சார்லட் கேட்டிருக்க வேண்டும். எட்டு ஆண்டில் இரண்டு முறை பிளே-ஆஃப் போய், ஒரு சுற்றுகூட அந்த அணி ஜெயிக்கவில்லை.

வயது எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம். ஒப்பந்தம் கைக்கு வருவது நேற்றைய ஆட்டத்தை வைத்து. பணம் போவது நாளைய ஆட்டத்துக்கு. அந்தக் கோடையில் வாக்கருக்கு வயது 29. வேகத்தை நம்பி ஆடும் ஆறடி கார்டுக்கு முழங்கால்தான் மூலதனம்.

பாஸ்டனில் முதல் சீசன் நன்றாகவே போனது. 20.4 புள்ளி சராசரி, அணி கிழக்குப் பிரிவு இறுதிவரை சென்றது. அதன் பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2021-ல் ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நியூயார்க் போனார். பிறகு டல்லாஸில் ஒன்பது ஆட்டம். 2023-24-ல் ஐரோப்பாவில் மொனாக்கோ அணிக்கு ஆடினார்.

சார்லட் சூப்பர்மேக்ஸ் கொடுத்திருந்தால், அவர் மொனாக்கோவில் ஆடிய அதே சீசனில் அவருக்கு 5 கோடி டாலருக்கு மேல் சம்பளம் போயிருக்கும்.

அப்படியானால் விடுவதுதான் சரியா?

அவசரப்பட வேண்டாம். டல்லாஸ் மாவெரிக்ஸ் கதை நேர் எதிர்.

ஜேலன் பிரன்சன் 2018 டிராஃப்ட்டில் 33-வது ஆளாக, இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். லூகா டான்சிச்சின் நிழலில் ஆடியவர். 2021-22 சீசனுக்கு முன் விதிப்படி அவருக்குத் தரக்கூடிய அதிகபட்ச நீட்டிப்பு நான்கு ஆண்டுக்கு சுமார் 5.5 கோடி டாலர்தான். அந்தத் தொகைக்குத் தயாராக இருந்தோம் என்று அவரது தரப்பு பின்னர் சொன்னது. அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் க்யூபன் சொன்ன கதை வேறு. எப்படியோ, கையெழுத்து ஆகாமலே சீசன் தொடங்கியது.

2022 பிளே-ஆஃபில் டான்சிச் காயத்தால் முதல் மூன்று ஆட்டங்களில் இல்லை. யூட்டாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளி குவித்தார். அடுத்த ஆட்டத்தில் 31. டல்லாஸ் மேற்குப் பிரிவு இறுதிவரை போனது. இப்போது அவரது விலை இரண்டு மடங்கு.

ஐ.டி. அலுவலகங்களில் நடப்பதுதான் இது. கேட்டபோது ஹைக் கொடுக்காமல், பேப்பர் போட்ட பிறகு கூப்பிட்டுப் பேசுவார்கள். அதற்குள் ஆள் மனதளவில் வெளியே போயிருப்பார். பிரன்சன் நியூயார்க் நிக்ஸுடன் நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். வீரருடன் குறித்த நேரத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்கியதற்காக நிக்ஸின் ஒரு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமையை லீக் பறித்தது. டல்லாஸுக்குப் பதிலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

அடுத்த சீசனில் டல்லாஸ் 38-44 என்று பிளே-ஆஃபுக்கே போகவில்லை. பிரன்சனோ 2023-24-ல் சராசரி 28.7 புள்ளி எடுத்தார். 2024-ல், ஓராண்டு காத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைவிட 11.3 கோடி டாலர் குறைவாக, நான்கு ஆண்டு நீட்டிப்புக்கு ஒப்புக்கொண்டார். 2025-ல், கால் நூற்றாண்டுக்குப் பிறகு நிக்ஸ் கிழக்குப் பிரிவு இறுதியை எட்டியது.

விட்டால் மிச்சமாகும் பணத்தில் வேறு ஆளை எடுக்கலாமே?

ரசிகர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. கேப்பைத் தாண்டிய அணி தன் வீரரை இழந்தால், அந்தப் பணம் செலவு செய்யத் திரும்பி வராது. பேர்ட் உரிமை அந்த வீரருக்கு மட்டுமே. டல்லாஸால் பிரன்சனுக்கு ஆண்டுக்கு 2.6 கோடி தர முடிந்திருக்கும். அதே 2.6 கோடியை வெளியாளுக்குத் தர முடியாது. கையில் மிஞ்சுவது சிறிய விதிவிலக்குத் தொகைதான்.

அதனால் சில நேரம் அணிகள், 'இப்போதைக்குக் கையெழுத்து போடுவோம், தேவைப்பட்டால் பிறகு டிரேட் செய்துகொள்ளலாம்' என்று முடிவெடுக்கின்றன. முன்பு இது பாதுகாப்பான வழி. 2023-ல் வந்த புதிய ஒப்பந்த விதிகளுக்குப் பிறகு அப்படி இல்லை. 'செகண்ட் ஏப்ரன்' என்ற இன்னொரு கோட்டைத் தாண்டும் அணிகள், இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் வாங்க முடியாது. 2025-26-ல் அந்தக் கோடு சுமார் 20.8 கோடி டாலர். தப்பான ஒப்பந்தம் ஒன்று தலையில் விழுந்தால் இறக்கி வைப்பது இப்போது கஷ்டம்.

முடிவெடுக்கும் முன் ஓர் அணி என்ன கேட்க வேண்டும்?

• ஒப்பந்தம் முடியும் ஆண்டில் அவருக்கு வயது என்ன? பிரன்சனுக்கு அப்போது 25. வாக்கருக்கு 29.

• அவர் எடுக்கும் புள்ளி எவ்வளவு பந்தைத் தின்கிறது? இன்னொரு ஸ்டார் பக்கத்தில் இருந்தாலும் அவரால் ஆட முடியுமா? டான்சிச்சுடன் ஆடி பிரன்சன் அதைக் காட்டியிருந்தார்.

• அவரை விட்டால் உண்மையில் கைக்கு என்ன வரும்? சார்லட்டுக்கு ரோஸியராவது வந்தார். டல்லாஸுக்கு வெறுங்கை.

• பிரச்சினை அவரது சம்பளமா, மற்றவர்களின் சம்பளமா?

சார்லட் கதையில் கடைசிக் கேள்விதான் வலிக்கும். வாக்கரை விட்டது பணக் கணக்கில் சரியான முடிவு. ஆனால் அந்த நிலைக்கு அணியைக் கொண்டுவந்தது வாக்கர் அல்ல. 2014-ல் அவர் கையெழுத்திட்டது நான்கு ஆண்டுக்கு 4.8 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 1.2 கோடி. அப்படிக் குறைந்த விலையில் ஒரு ஆல்-ஸ்டார் கிடைத்த ஆண்டுகளில், மிச்சப் பணத்தை அணி தப்பான இடங்களில் கொட்டிவிட்டது. பில் வந்தபோது அவரை அனுப்பியது.

அனுப்பியதாலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020 டிராஃப்ட்டில் லமெலோ பால் கிடைத்தார். ஆனாலும் வாக்கர் கடைசியாக அழைத்துப்போன 2016-க்குப் பிறகு, 2025 வரை சார்லட் ஒருமுறைகூட பிளே-ஆஃபை எட்டவில்லை.

2024 ஜூலையில் வாக்கர் ஓய்வை அறிவித்தார். அதே கோடையில் பயிற்சியாளர் குழுவில் ஒருவராக சார்லட்டுக்கே திரும்பினார். இளம் வீரர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவரது வேலை ஆனது.