கரைவலைப் பங்கும் தேனீச் சங்கமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

தேன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மலை. குறிஞ்சிக்குத் தேன், நெய்தலுக்கு மீனும் உப்பும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆகையால், "தனுஷ்கோடிக் கரையைச் சேர்ந்த உனக்குத் தேனீயைப் பற்றி என்ன தெரியும்?" என்று தோழியர் கேட்டால் நான் வியப்படைவதில்லை. மணலும் கடற்காற்றும் உப்பும் நிறைந்த இடத்தில் தேனீ எங்கே வாழும் என்றுதான் நானும் முன்பு எண்ணியிருந்தேன்.

ஆனால் இராமேசுவரம் தீவில் தென்னந்தோப்புகள் உள்ளன. பனை உண்டு, வேம்பு உண்டு, புங்கை உண்டு. எல்லோராலும் ஏசப்படும் சீமைக் கருவேலம் எங்கும் உண்டு. நிலத்தைக் கெடுக்கும் அம்மரத்தின் பூ தேனீக்கு நல்ல உணவு என்பது பலர் அறியாதது. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் தேனீக்கு மகரந்தம் கிடைத்துக்கொண்டே இருக்கும். எனவே எங்கள் தீவில் ஏழு வீட்டார் சேர்ந்து பன்னிரண்டு பெட்டிகளுடன் ஒரு சிறு தேனீச் சங்கம் நடத்தி வருகிறோம். அதில் கற்றதையும், அதில் நான் செய்த ஒரு பெரும் பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

பெட்டி வந்த கதை

தேனீ வகைகளில் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டுபவை. பெட்டியில் வளர்க்க ஒத்துவாரா. மரப்பொந்திலும் கிணற்றுச் சுவரிலும் இருட்டில் பல அடைகளை வரிசையாகக் கட்டும் இந்தியத் தேனீயே நாம் பெட்டியில் வளர்ப்பது. இதனை அடுக்குத் தேனீ என்றும் கூறுவர்.

அடைகளுக்கு நடுவே தேனீக்கள் நடமாட ஒரு குறிப்பிட்ட இடைவெளியை விட்டுவைக்கின்றன. அந்த அளவை விட்டால் அங்கே மெழுகாலோ பிசினாலோ அடைக்கமாட்டா என்பதை 1851-ஆம் ஆண்டில் அமெரிக்கரான லாங்ஸ்டிராத் பயன்படுத்திக் காட்டினார். அதன் விளைவே, அடையைச் சிதைக்காமல் வெளியே எடுத்துப் பார்க்கக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டி. 1857-இல் மேரிங் என்ற ஜெர்மானியர் மெழுகு அடித்தளத் தாளைச் செய்தார். 1865-இல் ஹ்ருஷ்கா என்பவர், சட்டங்களைச் சுழற்றித் தேனை மட்டும் தெறிக்கவைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். இம்மூன்றும் சேர்ந்த பிறகுதான், கூட்டைப் பிழிந்து அழிக்காமல் தேன் எடுப்பது கைகூடியது.

அப்பெட்டிகள் பெரிய உடல் கொண்ட ஐரோப்பியத் தேனீக்கு ஏற்றவை. நம் நாட்டுச் சிறிய தேனீக்கு ஏற்றவாறு பெட்டியைச் சிறிதாக்கியவர் பாதிரியார் நியூட்டன். 1911-க்கும் 1917-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தென்னிந்தியக் கிராம மக்களுக்கு அவர் பயிற்சியும் அளித்தார். இன்றும் நாம் வாங்குவது நியூட்டன் பெட்டியே. அடிப்பலகை, புழு அறை, அதன்மேல் தேன் அறை, உள்மூடி, மேல்மூடி என்று அது அமைந்திருக்கும்.

மார்த்தாண்டம் காட்டிய வழி

பெட்டி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மார்த்தாண்டமே சான்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஏழைக் குடும்பங்கள் தங்கள் உழைப்பாலேயே உயர வேண்டும் என்ற கொள்கை உடையவர். கோழி வளர்ப்பு, நெசவு முதலியவற்றோடு தேனீ வளர்ப்பும் அங்கே கற்பிக்கப்பட்டது. வேறு தொழில் செய்வோரும் வீட்டுப் புறத்தில் இரண்டு பெட்டி வைக்கலாம். நிலம் இல்லாதவரும் வைக்கலாம் என்பதே அதன் சிறப்பு.

இரண்டு பெட்டி வைத்திருப்பவர் தாமே தேன் இயந்திரம் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஐந்து கிலோ தேனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு அலைந்தால் நல்ல விலையும் கிடைக்காது. ஆகவே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, உறுப்பினர்களின் தேனை ஓரிடத்தில் சேர்த்துத் தூய்மை செய்து விற்கும் முறை அங்கே வளர்ந்தது. இரப்பர் மரங்கள் துளிர் விடும் காலத்தில் இளந்தளிர்க் காம்புகளில் சுரக்கும் இனிப்பு நீர் அம்மாவட்டத்துத் தேனீக்களுக்குப் பெரும் வரப்பிரசாதம். எங்கள் தீவில் இரப்பர் இல்லை. ஆனால் கூடிச் செய்யும் முறைக்கு இரப்பர் தேவையில்லை அல்லவா?

எவற்றைப் பகிர்வது?

முதலாவது, அளவு. சங்கத்தார் அனைவரும் ஒரே அளவுப் பெட்டி வைத்திருக்க வேண்டும். எங்களில் ஒருவர் விலை மலிவு என்று உள்ளூர்த் தச்சரிடம் அளவு மாறிய பெட்டி செய்துவிட்டார். அவருடைய சட்டம் எங்கள் பெட்டியில் நுழையவில்லை. எங்கள் சட்டம் அவருடைய பெட்டியில் நிற்கவில்லை. இயந்திரத்தின் கூடையிலும் பொருந்தவில்லை. ஒரே அளவு இல்லாதவரிடத்தில் உதவ மனம் இருந்தாலும் உதவ வழியில்லை.

இரண்டாவது, கருவிகள். தேன் இயந்திரம், மெழுகு சீவும் கத்தி, புகைப்பான், முகவலை ஆகியவை ஆண்டில் சில நாட்களே தேவைப்படுபவை. இவற்றுள் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு ஏழு வீடும் முறை வைத்துக்கொள்ளலாம். முறையை வீட்டு வரிசைப்படி வைக்கக்கூடாது. அடை முதிர்ந்த வரிசைப்படி வைக்க வேண்டும். அடையின் பெரும்பகுதியைத் தேனீ மெழுகால் மூடிய பிறகே தேன் முதிர்ந்தது என்று பொருள். நீர்ச்சத்து 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேன் நுரைத்துப் புளித்துவிடும். எங்களைப் போன்ற ஈரக்காற்று வீசும் கடற்கரையில் இதில் அவசரம் கூடவே கூடாது.

மூன்றாவது, பூக்கள். இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலேயே இரை தேடும். ஒரே தோப்பில் பன்னிரண்டு பெட்டியையும் வைத்தால் எல்லாம் பட்டினி. ஆகையால் பெட்டிகளை மூன்று தோப்புகளில் பிரித்து, பனை வரிசையின் மறைவில், கடற்காற்று நேரே தாக்காதவாறு வைத்தோம். தோப்புக்காரருக்கு ஆண்டுக்கு ஒரு பாட்டில் தேன் கொடுக்கிறோம்.

நான்காவது, பஞ்சகாலச் செலவு. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையிலும் வாடைக்காற்றிலும் தேனீ வெளியே செல்வது குறைவு. அப்போது சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் கூட்டம் பெட்டியைக் காலி செய்து ஓடிவிடும். சர்க்கரையை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்கிறோம்.

ஐந்தாவது, குறிப்பேடு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம்: எப்போது திறந்தது, இராணி முட்டையிடுகிறதா, எறும்பு, மெழுகுப்பூச்சி உண்டா, எவ்வளவு தேன் எடுத்தது என்பவை. எழுதத் தெரிந்தவர் எழுத, தெரியாதவர் சொல்ல வேண்டும். இந்த வேலை என் தலையில் விழுந்தது.

இயந்திரத்திற்கும் பங்கு

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்பது பழமொழி. கூட்டு முயற்சிகள் பலவும் கணக்கில்தான் உடைகின்றன. எங்கள் சங்கமும் முதல் ஆண்டே உடையப் பார்த்தது. இயந்திரத்தின் கைப்பிடிச் சக்கரம் பழுதானபோது, "கடைசியாகச் சுற்றியவர் சரி செய்யட்டும்" என்றார் ஒருவர்; "அதிகம் தேன் எடுத்தவர் கொடுக்கட்டும்" என்றார் மற்றொருவர். இயந்திரம் இரண்டு மாதம் மூலையில் கிடந்தது.

என் தந்தையார் தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் அடித்த புயலில் அவ்வூர் அழிந்த பின் எங்கள் பாட்டனார் தீவின் மேற்குப் பக்கம் குடியேறினார். ஆயினும் தொழில் அந்தக் கரையில்தான். எங்கள் சண்டையைக் கேட்டு அவர் சிரித்தார்.

"வலைக்குப் பங்கு வைக்காம எந்தக் கரையில ஆத்தா தொழில் நடக்குது? ஆளுக்குப் பங்கு போடுறதுக்கு முந்தி வலைக்கும் தோணிக்கும் எடுத்து வச்சிரணும். அதுதான் கிழிஞ்சா தைக்கும்" என்றார்.

எவ்வளவு எளிய வழி! அன்று முதல், எடுக்கும் ஒவ்வொரு பத்துக் கிலோவிலும் ஒரு கிலோ இயந்திரத்தின் பங்கு. அதிகம் எடுத்தவர் அதிகம் தருகிறார், எடுக்காதவர் தருவதில்லை. அத்தேனை விற்ற பணம் தனிப் பெட்டியில். சாவி ஒருவரிடம், கணக்கு மற்றொருவரிடம். மாதத்திற்கு ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கணக்கு உரக்கப் படிக்கப்படும். சங்கத்தைப் பதிவு செய்ய விரும்புவோர்க்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. அதற்கு ஏழு பேர் போதும். ஆனால் பதிவு ஏட்டைவிட முக்கியமானது இந்த உரக்கப் படிக்கும் வழக்கமே என்பது என் கருத்து.

எவற்றைப் பகிரக்கூடாது?

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

அடுத்த வீட்டு அத்தை கருவாட்டுக் கூடை சுமப்பவர். முழங்கால் வலி தாங்காமல், கூடையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நம்பி இரண்டு பெட்டி வாங்கினார். மழைக்காலம் முடிந்தபோது அவருடைய ஒரு பெட்டி மெலிந்திருந்தது. மெலிந்த கூட்டத்திற்கு வலுத்த கூட்டத்திலிருந்து புழு அடை ஒன்றைக் கொடுத்தால் அது தேறும் என்று படித்திருந்தேன். என் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து அத்தையின் பெட்டியில் வைத்தேன். அந்த அடையில் நாலைந்து புழுக்கள் செத்திருந்தன. அதைக் கண்டும் நான் பொருட்படுத்தவில்லை.

அது தாய் சேக்புரூட் என்னும் நச்சுயிர் நோய். தாய்லாந்தில் முதலில் அறியப்பட்டதால் அப்பெயர். நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தோல் நீர் நிறைந்த பை போலாகி, அறைக்குள் மல்லாந்து இறந்துவிடும். காய்ந்தபின் இரு முனையும் உயர்ந்து தோணி போலக் காட்சியளிக்கும். செத்த புழுவைத் துப்புரவு செய்யும் பணித்தேனீக்கள் வாயிலாக நோய் மற்றப் புழுக்களுக்குப் பரவும். இதற்கு மருந்து இல்லை. மனிதருக்கு இதனால் தீங்கில்லை. 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய இந்நோய் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டம் பகுதியில் எத்தனையோ வீட்டுப் புறங்களில் பெட்டிகள் வெறுமையாயின. பிழைத்த கூட்டங்களைக் கொண்டே மீண்டும் பெருக்கினர்.

நான் வகுப்பில் நச்சுயிர் பற்றித் தேர்வு எழுதியவள். ஆயினும் கண்ணெதிரே கிடந்த தோணி வடிவப் புழுவை அடையாளம் காணவில்லை. அத்தையின் இரண்டு பெட்டிகளும், என்னுடைய ஒன்றும், ஒரே கத்தியைக் கழுவாமல் பயன்படுத்தியதாலோ என்னவோ அடுத்த தோப்பில் மேலும் இரண்டும் அழிந்தன. பன்னிரண்டில் ஐந்து.

மாதக் கூட்டத்தில் குறிப்பேட்டைப் படிக்க வேண்டியவள் நான். சட்டம் மாற்றிய நாளையும், செத்த புழுக்களைக் கண்டதையும் சேர்த்தே படித்தேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, "அவரவர் நட்டம் அவரவருக்கு" என்றார் ஒருவர். அத்தை மட்டும், "படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன்" என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

மூத்தவர் ஒருவர், "பாருல மாட்டி வலை கிழிஞ்சா இழுத்தவன் ஒருத்தன் தலையிலயா கட்டுறோம்?" என்று கேட்டார். இயந்திரத்தின் பங்கிலிருந்து நோய் கண்ட அடைகளுக்குப் பதில் புதிய சட்டங்களும் மெழுகுத் தாளும் வாங்குவது, அடுத்துக் குடி பிரியும் கூட்டம் முதலில் அத்தைக்கே என்று முடிவாயிற்று. நோய்ப்பட்ட அடைகளைக் கடற்கரையில் எரித்தோம்.

அதன்பின் எங்கள் விதிகள் இவை: புழு அடையை ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதில்லை. பழைய அடையைக் கடன் வாங்குவதில்லை. நோய் ஐயமுள்ள பெட்டியைக் கடைசியாகவே திறப்பது. கத்தியையும் இயந்திரத்தையும் ஒவ்வொரு வீடு மாறும்போதும் வெந்நீரில் கழுவுவது. செத்த புழு ஒன்றைக் கண்டாலும் அன்றே எல்லோருக்கும் சொல்வது. கருவியைப் பகிரலாம்; பூவைப் பகிரலாம்; சோதித்தறியாமல் கூட்டைப் பகிரலாகாது. இவை அனைத்திலும் முதலில் பகிர வேண்டியது கெட்ட செய்தியே.

முடிவாக

இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றில் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்துக் கிலோ வரை தேன் எதிர்பார்க்கலாம். இதனால் எவரும் செல்வந்தராகிவிட முடியாது. ஆனால் கடலுக்குப் போக முடியாத நாட்களில் ஒரு வீட்டின் அரிசிக்கு அது உதவும்.

இப்போது எங்களிடம் ஒன்பது பெட்டிகள் இருக்கின்றன. அத்தைக்கு ஒரு கூட்டம் கொடுத்துவிட்டோம். இன்னொன்று கடன் நிற்கிறது. அவர் இன்னும் கூடை சுமக்கிறார். வரும் பங்குனிக்குள் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி வளாகத்தில் வேம்பும் புங்கையும் பூத்துச் சொரிகின்றன. இரண்டு பெட்டியும் ஒரு குறிப்பேடும் இருந்தால் இங்கும் ஒரு சங்கம் தொடங்கலாம். குறிப்பேட்டில் நல்லதை மட்டும் எழுதாதிருக்க மனத்துணிவு வேண்டும், அவ்வளவே. முயன்று பார்ப்போமாக!