சுண்ணாம்புச் சீமையில் குளிர்பெட்டிகள்

அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் பேக்கரி, பால்கடை, பெட்டிக்கடை எல்லாவற்றிலும் ஒரு கூலரோ ஐஸ்கிரீம் பெட்டியோ இருக்கிறது. அதன் அடியிலோ பின்னாலோ உள்ள கண்டன்சரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கரண்ட் பில் ஏறுவது அங்கேதான்.

குளிர்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம் கண்டன்சர். அதன் தகடுகளில் தூசி அடைத்தால் உள்ளே ஓடும் வாயுவின் அழுத்தமும் சூடும் ஏறும், கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். அந்தச் சூடு 1 டிகிரி கூடினாலே மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் ஏறும். சித்திரை வெயிலில், சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிக்கு எத்தனை டிகிரி கூடும் என்று எண்ணிப் பாருங்கள். 'கேஸ் போயிடுச்சு' என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். லாரிச் சாலைக் கடைகளுக்கு மாதம் ஒருமுறை இது அவசியம். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பெரிய குளிர்நிலையங்களில் வேறு சிக்கல். கண்டன்சரைத் தண்ணீரால் குளிர்விப்பார்கள். ஒரு காலத்தில் கடலாய்க் கிடந்த மண் இது. சுண்ணாம்புப் பாறை வழியே ஊறிவரும் போர் தண்ணீர் கடினமானது. குழாயில் படியும் உப்புப் பொருக்கு வெப்பத்தை மறித்துவிடும். தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குச் செலவழிக்க யோசிப்பவர்கள் அதைவிட அதிகமாக மின்சாரத்துக்குக் கட்டுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

புதிதாக வாங்குவோருக்கும் வழியுண்டு. டீப் ஃப்ரீசர்களுக்கு மத்திய எரிசக்தித் திறன் செயலகம் 2020இல் நட்சத்திரக் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஜவுளிக்கடை ஏசியை 24 டிகிரியில் வைக்கலாம்; ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது அதே செயலகம். விலையை மட்டும் பார்த்துப் பழைய பெட்டி வாங்குவது வருடக்கணக்கில் பில்லாகத் திரும்பி வரும்.

எல்லாவற்றுக்கும் குளிர்பெட்டி தேவையா என்பதையும் கேட்க வேண்டும். பெரம்பலூரின் செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காற்றோட்டத்திலேயே காப்பார்கள். வெங்காயம் 0 டிகிரியை ஒட்டியோ 25 முதல் 30 டிகிரியிலோ நன்றாகத் தாங்கும். இடைப்பட்ட 10 முதல் 20 டிகிரியில்தான் முளைவிடும். அரைகுறைக் குளிர் மின்சாரத்தையும் தின்று சரக்கையும் கெடுக்கும். ஆகவே இங்கே மானியமும் கடனும் முதலில் போக வேண்டியது நல்ல காற்றோட்டமுள்ள பட்டறைகளுக்கு. குளிர் அறைகளை பால், இறைச்சி, பழங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.