சதுர அடி ரேட் காட்டாத செலவு

வீடு கட்டப் போகிறவர் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்பதைத்தான். இரண்டு பிளான்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதாது. பரப்பளவு ஒன்றாகவே இருந்தாலும் சுவரின் நீளம் மாறிவிடும்.

900 சதுர அடியை எடுத்துக்கொள்வோம். 30க்கு 30 என்று சதுரமாகக் கட்டினால் வெளிச்சுவர் 120 அடி. ஒடுக்கமான மனையில் 60க்கு 15 என்று நீட்டினால் 150 அடி. கூடுதலான அந்த 30 அடிக்கும் அஸ்திவாரம் தோண்ட வேண்டும், செங்கல் வாங்க வேண்டும், உள்ளும் வெளியும் பூச வேண்டும். 40க்கு 30 இடத்தில் ஒரு மூலையில் 20க்கு 15 விட்டு 'ட' வடிவில் கட்டினாலும் அதே 900தான். சுவரோ 140 அடி. வட்டமாகக் கட்டினால் ஏறக்குறைய 106 அடியில் முடிந்துவிடும். மாடி வைத்தால் கூரையின் பரப்பு பாதியாகும், ஆனால் சுவர் கூடும், படிக்கட்டும் இடத்தைத் தின்னும். மனை விலை எட்டாத ஊர்களில் அது லாபம்.

இந்தக் கணக்கைக் கட்டிக் காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர். வட்டச் சுவர்களை விரும்பிக் கட்டினார். சுவருக்குள்ளும் செலவைக் குறைத்தார். 'எலிப்பொறி' முறையில் செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். நடுவே வெற்றிடம் விழும். ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல் சுமார் கால் பங்கு குறையும், உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும்.

கூரையில் அவர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. தளத்தின் மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அதனால் கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளை வைத்து அதன் மேல் கான்கிரீட் போட்டார். சிமென்ட் மிச்சம், பாரமும் குறைவு. சிக்கனம் என்றாலே மட்டமான பொருள் என்று சொல்பவர்கள் இந்தத் தளத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எலிப்பொறிச் சுவருக்கு அளவு மாறாத செங்கலும் பழகிய கொத்தனாரும் வேண்டும். கோணல் செங்கலில் கட்டினால், மிச்சம் பிடித்த பணம் பூச்சுக்கே போய்விடும்.