பேசும் கோல்

பாலைவனத்துக்குச் சென்று புல்வெளி பார்த்து வந்தேன் என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள். ஆயினும் உண்மை அதுவே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, ஸ்கொட்ஸ்டேல் நகரில் வாழும் என் மருமகன் கடந்த மாரியில் ஒருநாட் காலை, "வாருங்கள் மாமா, கோல்ப் ஆடும் திடல் ஒன்றைக் காட்டுகிறேன்" என்றான். மலைநாட்டில் தோட்டத்துத் துரைமார் ஆடிய ஆட்டம் என் நினைவுக்கு வந்தது. சிறுபிராயத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு எனக்கும் அவ்வாட்டத்துக்கும் இருந்த உறவு முடிந்திருந்தது.

"நம்மை உள்ளே விடுவார்களா?" என்று கேட்டேன்.

"அது பொதுத் திடல், மாமா. கட்டணம் செலுத்தும் எவரும் ஆடலாம்" என்றான்.

திடலின் பெயர் 'ரோக்கிங் ஸ்ரிக்'; 'பேசும் கோல்' என்பது அதன் பொருள். அங்கு இரு திடல்கள் உள. நாங்கள் சென்றது 'ஓஓதம்' என்னும் திடலுக்கு. மாஸ்ரர்ஸ் போட்டியில் 1984இலும் 1995இலும் வென்ற பென் கிரென்ஷோ, பில் கூர் என்பவருடன் சேர்ந்து அதனை வகுத்தார். 1998இல் அது திறக்கப்பட்டது.

அதனை 'லிங்ஸ்' முறைத் திடல் என்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் கரையோரத்தில், கடலுக்கும் வயலுக்கும் இடையே உழவுக்குதவாத மணல்நிலம் கிடக்கும். அதுவே லிங்ஸ். காற்று அதனை மேடும் பள்ளமுமாக்கிற்று. ஆடுகள் மேய்ந்து அதன் புல்லைக் குறுக்கின. இறுகிய அந்நிலத்தில் பந்து உருண்டோடும். சென்ற் அன்ட்ரூஸ் ஊரவர் தம் மணல்வெளியில் கோல்ப் ஆடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனமே ஏற்றுக்கொண்டுள்ளது.

அரிசோனாவில் கடல் இல்லை. மணல் உண்டு, காற்று உண்டு. திடல் தட்டையாய்ப் பரந்து கிடந்தது. அதன் ஓரங்களில் மாளிகைகள் இல்லை. தூரத்தே ஒட்டகத் திமில்போல் ஒரு மலை தெரிந்தது. 'ஒட்டகமுதுகு' என்பதே அதற்குப் பெயராம். மருமகன் தாழ்வாக அடித்த பந்து துள்ளித் துள்ளி நெடுந்தூரம் ஓடி, குழியை அடையுமுன் மணற்பள்ளமொன்றில் வீழ்ந்தது. அவன் முகம் வாடிற்று; எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் என் மனம் பந்தின்மேல் நிற்கவில்லை, புல்லின்மேல் நின்றது. ஆண்டில் ஏழெட்டு அங்குல மழையே காணும் நிலம் அது. குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழும் நாட்டிலிருந்து சென்ற எனக்கு அப்பசுமை உறுத்தலாய் இருந்தது. அங்கே பணிபுரிந்த முதியவர் ஒருவரிடம், "பாலையிலே இத்தனை நீரைப் புல்லுக்கு வார்ப்பது தகுமா, ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அந்த மண்ணுக்குரிய பீமா இனத்தவர். சினம் கொள்ளாமல் அவர் சொன்னார்: "எங்கள் ஆற்றை நகரம் குடித்தபோது இக்கேள்வியை எவரும் கேட்கவில்லையே!"

அவர் சொன்னதன் பின்னேதான் அந்நிலத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அங்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கால்வாய் வெட்டிப் பயிர்செய்தோர் பீமா மக்களின் முன்னோர். கீலா நதியை மேலே குடியேறியவர்கள் மறித்துக்கொண்டதனால், 1870களில் பீமா மக்களுட் பலர் சோல்ற் நதிக்கரைக்கு வந்தனர். 1879இல் ஜனாதிபதி ஹேய்ஸ் அவர்களுக்கும் மரிக்கோப்பா மக்களுக்குமாக நிலம் ஒதுக்கினார். 1908இல் சோல்ற் நதியின் நீரையும் கிரனைற் றீவ் அணை கால்வாய்களுக்குத் திருப்பியது. அணைக்குக் கீழே, வெள்ளம் வரும் வேளை தவிர, ஆறு வறண்டது. அவர்களது நீருரிமை பற்றிய பிணக்கைத் தீர்க்கும் சட்டம் 1988இலேதான் நிறைவேறிற்று.

திடல் அம்மக்களுக்கே உரியது. தம் நிலத்தில் 19,000 ஏக்கரை இயற்கை நிலமாகவே அவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள். மீதியில் பருத்தி விளைப்பதோ புல் வளர்ப்பதோ அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. புல்லுக்கு நீர் வார்ப்பது நன்றென்று இன்றும் நான் சொல்லேன். ஆனால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று என்பதை அம்முதியவரிடம் கற்றேன்.

'பேசும் கோல்' என்பது ஆடும் கோலன்று. ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றைப் பீமா மக்கள் கோலிற் கீறி வைப்பர். அக்கீறல்கள் எழுத்தல்ல, கோலைக் காப்பவர் விரலால் தடவிச் சொன்னாலே கதை வெளிப்படும். பதிவாகியுள்ள கோற்கதைகள் 1833இல் வானத்து மீன்கள் மழைபோற் பொழிந்த இரவிலிருந்து தொடங்குகின்றன.

திரும்புகையில் மருமகன், "திடல் எப்படி, மாமா?" என்றான்.

"நன்று. இனி ஆற்றைக் காட்டு" என்றேன்.

மாலையில் அங்கே சென்றோம். பாலத்தின்மேல் வாகனங்கள் விரைந்துகொண்டிருந்தன. கீழே கரையிலிருந்து கரைவரை கூழாங்கற்களும் மணலும் மட்டுமே கிடந்தன.