மரமேறும் இராட்சத நத்தையும் அதன் ஓடும்

மழைக்காலத்து அந்திப்பொழுதில் முருங்கை, பப்பாளி, வாழை முதலியவற்றின் தண்டைப் பற்றி மேலேறும் பெரிய நத்தையைச் சென்னையின் தென்புறத்துத் தோட்டக்காரர் பலரும் அறிவர். இது நாட்டு நத்தையன்று. நாட்டு நத்தையின் ஓடு சிறிது தட்டையாயிருக்கும். இதனுடையதோ கூம்புபோல் நீண்டு, பழுப்பு வரிகள் கொண்டு, சில சமயம் 8 அங்குலம் வரையிலும் வளரும். இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. நத்தையோடுகளை ஆராய்ந்துவந்த பென்ஸன் என்னும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர், மொரீஷியஸ் தீவிலிருந்து கொணர்ந்த சிலவற்றை 1847-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். 1900-ஆம் ஆண்டில் இலங்கையிலும் இது கொண்டுவந்து விடப்பட்டது. ஒருவரது ஆராய்ச்சி ஆர்வத்தின் பயனைக் குடியானவர் இன்றும் அனுபவித்துவருகின்றனர்.

ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தேயாகும். உடல் வளர வளர, ஓட்டின் வாயோரத்தில் புதிய சுண்ணாம்பைச் சேர்த்து நத்தை அதனைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே இலை, தளிர்களோடு சுண்ணாம்பும் இதற்கு இன்றியமையாத ஆகாரம். வெள்ளையடித்த சுவர்களை இது இரவில் சுரண்டுவதும், கிடக்கும் வெற்றோடுகளை அரிப்பதும் இதன் பொருட்டே. கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய சவ்வினால் மூடிக்கொண்டு மண்ணிலும் கல்லிடுக்கிலும் ஒடுங்கிக் கிடந்து, மழை பெய்ததும் வெளிப்படும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாயிருப்பதால் எல்லாம் முட்டையிடக்கூடியவை. ஒரு தடவையில் 400 வரையிலுங்கூட மண்ணுள் இடும்.

கேளம்பாக்கத்து உப்பளங்கள் பலரும் அறிந்தவை. உப்பு அருகிலேயே கிடைப்பதால் அதனைப் பாத்தியில் தூவிவிடலாமென்று எண்ணுவது இயல்பு. உப்புப் பட்ட நத்தை உடல்நீரை இழந்து மடியுமென்பது மெய்யே. ஆயினும் மண்ணுள் கிடக்கும் முட்டைகளை அவ்வுப்பு அழித்துவிடுமென்று நம்புவதற்கில்லை. மழையில் கரைந்து வேரடியை அடைந்து நிலத்தை உவராக்குவதோ நிச்சயம். கடலோரக் கிணற்று நீரை நம்பியுள்ள தோட்டங்களுக்கு இந்நஷ்டம் நத்தையால் விளைவதைக் காட்டிலும் பெரிது. உப்பு வாளியில் இருக்கவேண்டியதேயன்றிப் பாத்தியில் இருக்கலாகாது.

மாலையில் ஈரக் கோணிச்சாக்குகளைப் பரப்பி, அவற்றின்கீழ் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் கழிவு ஆகியவற்றை வைத்தால் நத்தைகள் வந்து கூடும். விடியுமுன் அவற்றைப் பொறுக்கிக் கெட்டியான உப்புநீர் நிறைந்த வாளியில் இடுக. வெறுங்கையால் தொடலாகாது; மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழு இந்நத்தையின் உடலிலிருந்து மனிதரைச் சேர்வதுண்டு. நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாக உண்பதும் கூடாது. செத்தவற்றை ஆழக் குழிதோண்டிப் புதைத்து, வாளிநீரைப் பயிர்நிலத்துக்கு அப்பால் கொட்டவேண்டும்.

வெற்றோடுகளை வேலியோரத்தில் எறிந்துவிடுவது பலரது வழக்கம். அவற்றில் மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும். குஞ்சு நத்தைகளுக்கும் அவை சுண்ணாம்பு உணவாகும். கிளிஞ்சலைச் சுடுவதுபோலச் சுட்டால் இவ்வோடும் சுண்ணாம்பாகும். அவ்வளவு திரளாகக் கிடைக்காதவிடத்து, நன்கு நொறுக்கி, இறந்த நத்தைகளைப் புதைக்கும் குழியிலேயே இட்டு மூடிவிடலாம்.